குதிரையின் பின்கால் மூட்டில் அடிபட்டு வீக்கமா? செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

ரேக்ளா வண்டி, திருமண ஊர்வலம், கோயில் திருவிழா, மலைக் கிராமங்களில் சுமை தூக்குதல் எனத் தமிழ்நாட்டில் இன்றும் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு லாரிகளில் குதிரைகள் வந்து இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இப்படி ஏற்றி இறக்கும்போதும், பக்கத்துக் குதிரை உதைக்கும்போதும், வேலிக் கம்பியில் கால் மாட்டும்போதும் அதிகம் அடிபடும் இடங்களில் ஒன்று பின்கால் மூட்டு.

அடிபட்ட மறுநாள் மூட்டு வீங்கியிருக்கும். உடனே எண்ணெய் போட்டு உருவுவது, புளியும் உப்பும் கரைத்துப் பற்று போடுவது, சூடு வைப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வீக்கத்தை எப்படிக் குறைப்பது என்பதல்ல. மூட்டுக்குள் ஓட்டை விழுந்திருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்பதுதான். பெரிதாக வீங்கி, புண் இல்லாமல் இருக்கும் கால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகிவிடும். வீக்கம் குறைவாக இருந்து, கடலை அளவு ஓட்டை மட்டும் உள்ள கால் குதிரையின் உயிரையே எடுத்துவிடலாம்.

பின்கால் மூட்டு என்பது எது?

பின்னங்காலின் நடுவில், பின்னோக்கி முட்டித் தெரியும் பெரிய மூட்டையே இங்கு பின்கால் மூட்டு என்கிறோம். பலர் இதை முழங்கால் என்று நினைப்பார்கள். உண்மையில் நம் காலோடு ஒப்பிட்டால் இது கணுக்கால். பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு நம் குதிகாலுக்குச் சமம். அதைக் குதிமுனை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் வந்து சேரும் தடித்த நாண், குதிநாண்.

இது ஒரே மூட்டு அல்ல. சிறு சிறு எலும்புகள் அடுக்காக அமைந்த நான்கு மூட்டுகளின் தொகுப்பு. மேலே உள்ள பெரிய மூட்டில்தான் கால் மடங்கி நீள்வது முழுவதும் நடக்கிறது. இந்த இடத்தில் சதைப்பற்று கிடையாது. தோலுக்கு அடியிலேயே எலும்பு, நாண், மூட்டுப்பை ஆகியவை இருக்கின்றன. அதனால்தான் சிறிய ஆணி குத்தினாலும் மூட்டுப்பை வரை போய்விடுகிறது.

முதல் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

குதிரையைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வலியில் இருக்கும் குதிரை உதைக்கும் என்பதால் நேர் பின்னால் நிற்கக் கூடாது.

1. காலை ஊன்றுகிறதா? லேசாக நொண்டுகிறதா, குளம்பின் நுனியை மட்டும் வைக்கிறதா, காலைத் தூக்கியே வைத்திருக்கிறதா என்று பார்க்கவும்.

2. புண் இருக்கிறதா? முடியை விலக்கி மூட்டைச் சுற்றிலும் பார்க்கவும். முடி மறைத்திருக்கும் சிறு குத்துக் காயம் எளிதில் தப்பிவிடும்.

3. புண்ணிலிருந்து என்ன வடிகிறது? இரத்தம் அல்லாமல் வெளிர் மஞ்சள் நிறத்தில், முட்டை வெள்ளைக்கரு போல நூல்நூலாக வழவழப்பான நீர் வந்தால் அது மூட்டு நீராக இருக்கலாம்.

4. சூடு தெரிகிறதா? புறங்கையை வைத்து, நல்ல காலின் அதே இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

5. காய்ச்சல் உள்ளதா? ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெரிய குதிரைக்கு ஓய்வில் 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வலி அதிகமானால் நாடி ஏறும்.

இந்த ஐந்தையும் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரை அழைத்தால், அவர் போனிலேயே அவசரத்தை மதிப்பிட முடியும்.

நேரம் கடத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• மூட்டின் மேலோ அருகிலோ எவ்வளவு சிறிய புண் இருந்தாலும்
• காலைச் சிறிதும் ஊன்றாமல் இருந்தால்
• கால் வழக்கத்துக்கு மாறான கோணத்தில் வளைந்திருந்தாலோ, அசைக்கும்போது எலும்பு உரசும் சத்தம் கேட்டாலோ
• குதிமுனை கீழே இறங்கி மூட்டு தரையை நோக்கிச் சரிந்தால்
• காய்ச்சலோடு கால் முழுவதும் தூண் போல வீங்கினால்
• இரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால்

இதில் முதல் அறிகுறியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூட்டுப்பையில் ஓட்டை விழுந்து நீர் வெளியே வடிந்துகொண்டிருக்கும்வரை உள்ளே அழுத்தம் சேராது. அதனால் முதல் நாள் குதிரை ஓரளவு நன்றாகவே நடக்கும். "நடக்கிறதே, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஓட்டை அடைத்துக்கொள்ளும். உள்ளே போன கிருமி பெருகிச் சீழ் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் குதிரை காலை ஊன்றவே முடியாத நிலைக்குப் போய்விடும்.

சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முதல் 24 மணி நேரத்துக்குள் மூட்டைக் கிருமி நீக்கிய திரவத்தால் கழுவி, உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கத் தொடங்கினால் குதிரை மீண்டும் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். இந்தச் சிகிச்சையை லாயத்தில் செய்ய முடியாது. எக்ஸ்ரே, மயக்க மருந்து வசதி உள்ள மருத்துவமனை வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் உள்ளன. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தையோ 1962 என்ற கட்டணமில்லா எண்ணையோ முதலில் தொடர்புகொண்டு வழி கேட்கலாம்.

புண் இல்லாத வீக்கத்துக்கு முதல் 48 மணி நேரம்

காலை ஊன்றுகிறது, புண் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் கீழ்க்காணும் முதலுதவியைத் தொடங்கலாம்.

குளிர்ச்சி: குழாய்த் தண்ணீரை மெதுவாக மூட்டின் மேல் 15 முதல் 20 நிமிடம் ஓடவிடவும். அல்லது ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கவும். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோலப் புண்ணாகிவிடும். இதை ஒரு நாளைக்கு நான்கு ஐந்து முறை செய்ய வேண்டும்.

ஓய்வு: லாயத்தில் தனியாக விட வேண்டும். "நடக்க விட்டால் வீக்கம் வடியும்" என்று முதல் இரண்டு நாளில் நடத்தக் கூடாது. எலும்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் நடக்கும்போது அது முழு முறிவாகிவிடும்.

சூடு வேண்டாம்: முதல் இரண்டு நாளில் சுடுநீர் ஒத்தடம், எரிச்சல் தரும் தைலம், மிளகாய் சேர்ந்த பற்று எதுவும் கூடாது. உள்ளே கசிந்துகொண்டிருக்கும் இரத்தம் சூட்டினால் மேலும் கசியும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கெட்டியாகி, சூடு தணிந்த பின் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். தண்ணீரை உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துச் சூடு சரிபார்த்துக்கொள்ளவும்.

உருவக் கூடாது: எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் கிழிந்த நாண் மேலும் கிழியும்.

சூடு வைக்கக் கூடாது: பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் காயம் ஆறாது. தோலில் புதிதாக ஒரு புண் உண்டாகி, அதன் வழியே கிருமி நுழையும்.

இரண்டு நாளில் வீக்கமும் நொண்டலும் குறையாவிட்டால் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும்.

புண் இருந்தால், மருத்துவர் வரும்வரை

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் கல் உப்பைக் கரைத்து ஆறவைக்கவும். மருந்துக் கடையில் கிடைக்கும் செலைன் இருந்தால் அது இன்னும் நல்லது. அதைப் புண்ணின் மேல் மெதுவாக ஊற்றி மண்ணையும் சாணத்தையும் கழுவ வேண்டும். ஓட்டைக்குள் குழாயை வைத்துப் பீய்ச்சினால் அழுக்கு மூட்டுக்குள் போய்விடும். குச்சி, விரல் எதையும் உள்ளே விட்டு ஆழம் பார்க்கக் கூடாது.

கழுவிய பின் சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டவும். மஞ்சள் தூள், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய், வண்டி ஆயில் எதையும் புண்ணில் போடக் கூடாது. இவை சதையை அரிக்கும். மருத்துவர் புண்ணின் ஆழத்தைப் பார்க்கவும் இடைஞ்சலாகும். ஈ மொய்க்காமல் இருக்கப் புண்ணுக்கு வெளியே, சுற்றியுள்ள முடியில் மட்டும் வேப்பெண்ணெய் தடவலாம்.

குத்திய ஆணியோ கம்பியோ அப்படியே நிற்கிறது என்றால், அதனால் மேலும் ஆபத்து இல்லாத நிலையில், மருத்துவர் வரும்வரை பிடுங்காமல் விடுவது நல்லது. எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அவர் அதை வைத்தே அறிவார்.

ரண ஜன்னியை மறக்கக் கூடாது: வீட்டு விலங்குகளில் ரண ஜன்னிக்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். இந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. முன்பு தடுப்பூசி போட்ட குதிரையா, கடைசியாக எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போடாத குதிரை என்றால் உடனடிப் பாதுகாப்புக்கான ஊசியும் தேவைப்படும். காது விறைத்து நிற்பது, வால் தூக்கியபடி இருப்பது, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு வெளியே வருவது, வாய் திறக்க முடியாமல் போவது ஆகியவை இந்த நோயின் அறிகுறிகள். அவை தெரிந்த பின் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கட்டு போடும் முறை

பின்கால் மூட்டில் கட்டு போடுவது சற்றுக் கடினம். இறுக்கினால் குதிமுனையிலும் குதிநாணிலும் தோல் செத்துப் புண்ணாகும். தளர்த்தினால் நழுவிக் கீழே விழும்.

• குளம்புக்குச் சற்று மேலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மூட்டில் மட்டும் கட்டினால் கட்டுக்குக் கீழே கால் வீங்கிவிடும்.
• முதலில் தடிமனான பஞ்சு உருளை, அதன் மேல் கிரேப் பேண்டேஜ் போட வேண்டும். பஞ்சு இல்லாமல் பேண்டேஜ் போடவே கூடாது.
• மூட்டு வந்ததும் 8 என்ற எண் வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றி, குதிமுனையைத் திறந்து விட வேண்டும்.
• தினமும் ஒருமுறையாவது கட்டைப் பார்க்க வேண்டும். நழுவினாலோ, நனைந்தாலோ, நாற்றம் வந்தாலோ, குதிரை கட்டைக் கடித்தாலோ உடனே அவிழ்த்துப் பார்க்கவும்.

வீக்கத்தின் இடமும் தரும் குறிப்பும்

குதிமுனையின் மேல் தொப்பி போல மெத்தென்ற வீக்கம்: கடினமான தரையில் படுப்பதாலும் சுவரை உதைப்பதாலும் வருவது. பெரும்பாலும் நொண்டல் இருக்காது. குளிர்ச்சியும் மெத்தையான தரையும் போதும். அழகுக் குறையாக அப்படியே நின்றுவிடவும் கூடும். ஊசியால் குத்தி நீரை வெளியேற்ற முயன்றால் சீழ் பிடிக்கும்.

மூட்டின் முன்பக்க உள்புறத்தில் பந்து போன்ற வீக்கம்: ஓரிடத்தில் அழுத்தினால் பின்புறம் பக்கவாட்டில் பிதுங்கும். மூட்டுப்பையில் நீர் சேர்ந்திருப்பதன் அடையாளம் இது. அடிபட்டதால் வந்திருக்கலாம். இளங்குதிரையில் அடிபடாமலே வந்தால் குருத்தெலும்பு வளர்ச்சிக் குறை காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூட்டுக்கு மேலே, குதிநாணுக்கு முன்னால் இருபுறமும் மெத்தென்ற வீக்கம்: நாணைச் சுற்றியுள்ள உறையில் நீர் சேர்ந்திருக்கிறது.

குதிமுனைக்கு ஒரு கை அகலம் கீழே, பின்புறத்தில் புடைப்பு: பக்கவாட்டில் நின்று பார்த்தால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய இடம் வில் போல வளைந்திருக்கும். தசைநார் கிழிந்ததன் அடையாளம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓய்வு தேவை.

மூட்டின் உள்புறம் அடிப்பகுதியில் கல் போன்ற புடைப்பு: எலும்பு வளர்ச்சியோடு கூடிய மூட்டுத் தேய்மானம். இது புதிய காயம் அல்ல, நாள்பட்டது. லாடத்தைச் சீர்செய்வதும் வேலையைக் குறைப்பதும் உதவும்.

மூட்டு நேராக நீண்டு, குதிநாண் தளர்ந்து சுருங்கித் தெரிவது: கால் எங்காவது மாட்டி இழுபட்டால், மூட்டின் முன்புறம் ஓடும் நாண் அறுந்துவிடும். காலைப் பின்னால் இழுத்தால் தடையில்லாமல் நீளும். பார்க்கப் பயமாக இருந்தாலும், சில மாதம் முழு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும்.

காயம் எதுவும் இல்லாமல் உள்காலில் கட்டி கட்டியாக எழும்பி உடைந்து சீழ் வந்தால், கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். மூக்கில் சளி வடிவதும் சேர்ந்திருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றக்கூடிய ஆபத்தான நோய். கையுறை இல்லாமல் தொடாமல், குதிரையைத் தனியாகக் கட்டி, கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வலி மருந்தில் கவனம்

மருந்துக் கடையில் வாங்கித் தாமே ஊசி போடுவது பல வகையில் ஆபத்து. குதிரைக்குக் கொடுக்கும் வலி நிவாரணிகள் அளவு மீறினால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு வகை வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006-லும், அசிக்ளோபினாக், கீட்டோபுரோபென் மருந்துகள் 2023-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. இந்த மருந்து கொடுத்த கால்நடை இறந்து, அதன் உடலைத் தின்னும் பாறுக் கழுகுகள் செத்துப்போவதே காரணம். மனிதருக்கான மருந்தை வாங்கிக் கால்நடைக்குப் போடுவதும் இதில் அடங்கும்.

மற்றொன்று: வலி மறைந்தால் காயம் ஆறிவிட்டது என்று பொருள் அல்ல. ஊசி போட்டுக் குதிரையை ரேக்ளாவிலோ சுமையிலோ இறக்கினால், பாதி கிழிந்த நாண் முழுதாக அறும். காயத்தாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஓய்வுக் காலப் பராமரிப்பு

தரை: வைக்கோல் அல்லது மணலை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் பரப்ப வேண்டும். படுத்து எழ இடம் வேண்டும். கழுத்துக் கயிறு படுக்க முடியாத அளவுக்குக் குட்டையாக இருக்கக் கூடாது.

நல்ல காலையும் பார்க்கவும்: ஒரு காலை ஊன்றாத குதிரை முழுப் பாரத்தையும் மறு பின்காலில் வைக்கும். நாட்கள் செல்லச் செல்ல அந்தக் குளம்புக்குள் அழற்சி வந்து, நல்ல காலும் கெட்டுப்போகும். தினமும் அந்தக் குளம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தீவனம்: வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளு, தவிடு, சோளம் போன்றவற்றைப் பாதிக்கு மேல் குறைத்து, உலர்புல்லையும் பசும்புல்லையும் அதிகமாகக் கொடுக்க வேண்டும். பழைய அளவே கொடுத்தால் வயிற்று வலி வரும். குளம்பு அழற்சிக்கும் அதுவே காரணமாகும். சாணம் தினமும் எத்தனை முறை போடுகிறது என்று கவனிக்கவும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்போது: பின்காலில் அடிபட்ட குதிரையின் தலை வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பிரேக் போடும்போது பாரம் முன்கால்களுக்குப் போவதால் பின்கால் தப்பும். எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவர் கட்டை வைத்துக் கட்டிய பிறகே ஏற்ற வேண்டும்.

மீண்டும் வேலைக்கு விடுவது எப்போது?

சாதாரண உள்காயம் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் சரியாகும். தசைநார், நாண் காயங்களுக்கு மாதங்கள் ஆகும். நொண்டல் நின்ற அன்றே வண்டியில் பூட்டக் கூடாது. முதலில் கயிற்றைப் பிடித்து மெத்தென்ற சமதரையில் 5 முதல் 10 நிமிடம் நடத்த வேண்டும். மறுநாள் காலையில் வீக்கமோ சூடோ கூடவில்லை என்றால் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். கூடியிருந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும். நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு காலி வண்டி, கடைசியில்தான் பாரம்.

வராமல் தடுக்க

• லாயச் சுவரில் பழைய டயர் அல்லது வைக்கோல் திணித்த சாக்கு கட்டி வைக்கலாம்.
• துருத்தும் ஆணி, தகரம், முள்கம்பி ஆகியவற்றை அகற்ற வேண்டும்.
• லாரியில் ஒவ்வொரு குதிரைக்கும் இடையே தடுப்புக் கட்டை வைத்து, தரையில் மணலும் வைக்கோலும் பரப்ப வேண்டும். ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் அடுத்தடுத்து நிறுத்தக் கூடாது.
• பின்காலில் கயிறு கட்டும் வழக்கம் இருந்தால் அகலமான துணிப் பட்டையைப் பயன்படுத்தவும்.
• ரண ஜன்னித் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட்டு, தேதியை எழுதி வைக்கவும்.

குதிரை தன் வலியைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர், இரண்டு பஞ்சு உருளை, ஒரு கிரேப் பேண்டேஜ், ஒரு பாட்டில் செலைன், மருத்துவரின் போன் எண். இவ்வளவும் லாயத்தில் எப்போதும் இருக்கட்டும். பின்கால் மூட்டில் அடிபட்டால் முதலில் முடியை விலக்கிப் புண்ணைத் தேடுங்கள். புண் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். புண் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரும் ஓய்வும் கொடுத்து, இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள்.